மஸ்டாங்கில் ஓர் எலுமிச்சம்பழம்

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஸ்டியரிங்கை நான் பிடிக்கிறேன், வண்டியை நீ ஓட்டுறே. இன்னிக்கு ஒரு நாளாவது நான் ஓட்டுறேனே, சுகந்தி.”

இதுதாம்மா அவர் சொன்னது. ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. மலை உச்சியில், இறக்கம் தொடங்குகிற இடத்தில், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். நான் சும்மா இருப்பேனா? “நான் ஓட்டலைன்னா நீங்க பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டையே தாண்டியிருக்க மாட்டீங்க”ன்னு சொன்னேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த மனுஷர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. ஒரு ‘ம்’ கூட இல்லை.

அதோ, ஜன்னலோரம், நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, காபியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். திரும்பாதீங்க. யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் கல்லாகிப் போவார். வெளியே நிற்கிற சிவப்புக் காரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுதான் நாங்கள் வாடகைக்கு எடுத்த சனியன்.

நீங்க உங்க வீட்டுக்காரரிடம் “ரசப்பொடி தீர்ந்து போச்சுங்க”ன்னு சொன்னது காதில் விழுந்ததும் எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. உட்காருங்க, உட்காருங்க. உங்க வீட்டுக்காரர் குழந்தையைப் பாத்ரூமுக்குத்தானே கூட்டிப் போயிருக்கிறார், வரட்டும். எந்த ஊர் நீங்க? சேலமா? பார்த்தேன், பேச்சிலேயே தெரிந்தது. பேர்? இளவேனிலா, நல்ல பேர். இப்படி அடங்கி உட்காருகிறவளா நான்? ஊரில் நான் கையை நீட்டிப் பேசினால் கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள் இரண்டு படி கீழே இறங்கி நிற்பான்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்க பையன் கிஷோர் அமெரிக்கா வந்து, இங்கே ஃப்ரெஸ்னோவில் வேலையில் இருக்கிறான். நாங்கள் வந்து ஒரு மாதமாகிறது. வந்த அன்றைக்கே, “அம்மா, உலகத்துலேயே பெரிய மரங்கள் இங்க மலை மேல இருக்கு, கூட்டிட்டுப் போறேன்”னான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது வேலை வந்துவிடும். இந்த வாரக் கடைசியில் எங்களுக்கு ஃப்ளைட். நேற்று சாப்பிடும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “ஸாரிப்பா, நாளைக்கும் முடியாது”ன்னான்.

இவர் மோரை ஊற்றிக்கொண்டே, “பரவாயில்லை, நானே ஓட்டிட்டுப் போறேன்”னார்.

எனக்கு ஊறுகாய் தொண்டையில் நின்றது. இவரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வாக்கியத்தின் பயங்கரம் புரியும். ஊரில் எங்களிடம் ஒரு சின்ன கார் உண்டு. அதில் இவர் மூன்றாவது கியரைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை. வண்ணார்பேட்டை போவதற்குள் பால் வண்டி முந்தும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் முந்துவார்கள், ஒரு தடவை கல்யாண ஊர்வலமே எங்களை முந்திப் போயிருக்கிறது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இப்ப முந்துங்க, இப்ப ஹார்ன் அடிங்க, லாரி வருது ஒதுங்குங்க’ என்று வழி நடத்துவேன். கார் ஓட்டத் தெரியாவிட்டால் என்ன, எனக்குக் கண் இருக்கிறதே! நான் சொல்லாமல் இவர் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருப்பாரா?

மாவட்ட நூலகத்தில் நூலகராக இருந்தவர். ‘அமைதி காக்கவும்’ என்று போர்டு மாட்டியிருக்கிற இடத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். நான் படித்ததோ கான்வென்ட். எங்க சிஸ்டர் ஃபெலிசிட்டா, “சுகந்தி, நீ மோட்சத்துக்குப் போனாலும் வாசல்ல நிக்கிறவரோட பேசிட்டுத்தான் உள்ள போவே”ன்னு சொல்வாங்க. இரண்டு பேரையும் எந்த ஜோசியன் பொருத்தம் பார்த்துச் சேர்த்தானோ.

ஆனால் பாருங்க, இவர் ஊரிலேயே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் வெளிநாட்டில் ஓட்டுவதற்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறார். என்ன தைரியம்! கிஷோருக்கு ஒரே சந்தோஷம். சின்னக் காராக, வெள்ளையாக, அடக்கமாக ஒன்றை ஆன்லைனில் பதிவு செய்தான். இன்று காலையில் எங்களை வாடகைக் கார் இடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனான்.

அங்கே கவுன்டரில் ஒரு பையன். “ஹாய் யூ கைஸ்”ன்னான். “ஐ ஆம் நாட் எ கை”ன்னு சொல்லி, இந்தக் காலத்து இங்கிலீஷ் எப்படிச் சீரழிந்துவிட்டது என்று அவனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில், அந்தச் சிவப்புக் காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். காய்ச்சல் அடிக்கிற குழந்தையின் நெற்றியில் கை வைத்த மாதிரி. காரின் முன்னால் ஓடுகிற குதிரை ஒன்று.

“என்னங்க, நம்ம வண்டி அந்த வெள்ளை”ன்னேன்.

“இது மஸ்டாங்”னார்.

“இருக்கட்டும். நம்ம வண்டி வெள்ளை.”

“நூலகத்துக்கு வெளிநாட்டுக் கார் பத்திரிகை ஒண்ணு வரும் சுகந்தி. யாரும் எடுக்க மாட்டாங்க. பிரிச்சது நான் ஒருத்தன்தான். இது எப்படி முடுக்கும், எப்படி நிக்கும், எந்த வளைவுல என்ன செய்யும், எல்லாம் தெரியும் எனக்கு.”

இத்தனை வருஷத்தில் இவர் மூச்சு விடாமல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஃப்ளைட்டில் கொடுத்த அந்தச் சாப்பாடு இத்தனை நாள் கழித்துத் தலைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்தேன். கவுன்டர் பையன் அதற்குள் ஓடி வந்து, “கிரேட் சாய்ஸ் சார்”னு சாவியைக் கொடுத்துவிட்டான். இவர் சாவியை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். நான் எவ்வளவோ சொன்னேன். மூடின கை மூடினதுதான்.

சரி, ஆனது ஆகட்டும், நாம் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று பையைத் திறந்தேன். கிஷோர் வீட்டுப் பின்பக்கம் ஒரு எலுமிச்சை மரம் இருக்கிறது. இந்த ஊர் எலுமிச்சை நம்ம ஊர் மாதிரி உருண்டையாக, கைக்கு அடக்கமாக இருப்பதில்லை. தோல் தடியாக, இரண்டு பக்கமும் மூக்கு வைத்து, வழுவழு என்று இருக்கும். கிளம்பும்போதே பறித்து வைத்திருந்தேன். நாலு டயருக்கும் நாலு வைத்தேன். அந்தப் பையன், “மேடம், வாட் இஸ் திஸ்?”னான். “ஃபார் சேஃப்டி”ன்னேன். அவன் ஏர்பேக் இருக்கிறது என்றான். ஏர்பேக்! கண்டம் வந்தால் காற்றடைத்த பையா தடுக்கும்?

இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பழத்தின் மேலும் ஏற்றி இறக்கினார். ஐந்தாவதை நான் டாஷ்போர்டு மேல், நடுவில், கண்ணாடி ஓரமாக வைத்தேன்.

“அதை எடு. உருளும்”னார்.

“புறப்படுற நேரத்துல வாயில என்ன வார்த்தை வருது பாருங்க!”ன்னேன்.

வண்டியைக் கிளப்பினார். அம்மாடி! மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு உறுமல். என் ஸீட்டுக்கு அடியிலிருந்து வந்து, முதுகெலும்பில் ஏறி, பல் வரைக்கும் கூசியது. ஸீட்டா அது? ரோட்டோடு ரோடாகக் கிடக்கிறது. லாரிச் சக்கரம் என் காது உயரத்தில் ஓடுகிறது. ஜன்னலோ சமையலறைப் புகைக்கூண்டு அளவு. இதில் இந்த ஊரில் எல்லாமே தலைகீழ். இவர் இடது பக்கம், நான் வலது பக்கம். நம்ம ஊரில் டிரைவர் உட்கார்கிற பக்கத்தில் என்னை உட்கார வைத்து, முன்னால் ஸ்டியரிங் இல்லை, காலடியில் பிரேக் இல்லை. எதிரே வருகிறவன் எல்லாம் என் மேலேயே ஏறுகிற மாதிரி இருக்கிறது. ‘வலது பக்கம் போங்க, வலது, வலது’ன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஆனால் உண்மையிலேயே எப்போது பயம் வந்தது தெரியுமா? சத்தத்தில் இல்லை, வேகத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தேன், இவர் சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் ஜோக் சொல்லவில்லை. தனக்குத்தானே, ரோட்டைப் பார்த்து, சின்னப் பையன் மாதிரி. ஏதோ பழைய மெட்டு ஒன்று முணுமுணுப்பு வேறு. இந்த மனுஷர் பாடுவார் என்றே எனக்குத் தெரியாதும்மா. யாரோ முன்பின் தெரியாத ஆம்பளையோடு தனியாகக் கார் ஏறி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

“என்ன சிரிப்பு? ரோட்டைப் பாருங்க”ன்னேன். சிரிப்பு நின்றது. அப்பாடா என்று இருந்தது.

வழியில் பெட்ரோல் போடுகிற இடத்தில் நிறுத்தினார். இறங்குவதற்கு முன்னால் டாஷ்போர்டில் இருந்த பழத்தை எடுத்து, என் முழங்கால் பக்கம் இருக்கிற அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடினார். “மலைப் பாதை. இங்கேயே இருக்கட்டும்”னார். காவலுக்கு வைத்த பழத்தை யாராவது இருட்டுக்குள் அடைப்பார்களா? இவர் அங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். என் புடவைத் தலைப்பு நுனியால் துடைத்தும் வைத்தேன். வந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். கதவைச் சாத்தினார். ஏதாவது சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

மரங்களா? பெரிசுதான். ரொம்பப் பெரிசு. எனக்குக் கழுத்து வலித்தது. இவர் மரத்தைப் பார்த்ததைவிட வண்டியைப் பார்த்ததுதான் அதிகம். போனை என்னிடம் கொடுத்து, கார் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, “ஒரு போட்டோ எடு”னார். “மரத்தை விட்டுட்டு வாடகைக் காரோட என்னங்க போட்டோ? ஊர்ல காட்டினா சிரிப்பாங்க”ன்னு சொல்லி, மரம் முழுசாக வருகிற மாதிரி எடுத்தேன். இவர் தலை கொஞ்சம் வந்தது. கார் வரவில்லை. பார்த்துவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் இறக்கம்.

தண்ணி குடித்துக்கொள்கிறேன், இருங்க.

உச்சியிலிருந்து கிளம்பின நிமிஷத்திலிருந்து நான் ‘பிரேக், பிரேக்’ என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு சொன்னேன். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாசம். தடுப்புச் சுவர் என்று ஒரு மரியாதைக்குக்கூட இல்லை. அந்த ஆகாசம் என் பக்கத்து ஜன்னலில். நம்ம கொடைக்கானல் ரோட்டில் இப்படியா விடுவார்கள்? நான் சொல்லாமல் யார் சொல்வது? அப்போதுதான் வண்டியை ஓரங்கட்டி, நான் முதலில் சொன்னேனே, அதைச் சொன்னார். ‘ஸ்டியரிங்கை நான் பிடிக்கிறேன், வண்டியை நீ ஓட்டுறே’ன்னு. நானும் பதிலைச் சொன்னேன். திரும்பவும் கிளம்பினோம். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். வேண்டுமென்றுதான். நான் இல்லாமல் எப்படி ஓட்டுகிறார் பார்ப்போம் என்று.

இரண்டு வளைவு ஒழுங்காகப் போனார். மூன்றாவதில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. டாஷ்போர்டில் பழம் இல்லை. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன். ‘பழம் எங்கே’ன்னு கேட்க வாயைத் திறக்கிறேன், இவர் காலை அழுத்துகிறார், வண்டி நிற்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். நிற்கவில்லை. இறக்கத்தில் குதிரை ஓடுகிறதும்மா. முன்னால் ஒரு பெரிய வளைவு. அதற்கப்புறம் ரோடு தெரியவில்லை, ஆகாசம்தான் தெரிகிறது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. முருகனைக் கூப்பிட்டேன், எங்க குலதெய்வம் சுடலையைக் கூப்பிட்டேன், அப்புறம் என் வாயில் தானாக ‘ஹெயில் மேரி, ஃபுல் ஆஃப் கிரேஸ்’ வந்தது. கான்வென்ட் விட்டு எவ்வளவோ காலம் ஆச்சு, ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. இவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஸ்டியரிங்கையும் பிடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இவர் என் கையை எடுத்தார். தட்டிவிடவில்லை. எடுத்து என் மடியில் வைத்தார். அந்த நேரத்தில்! அப்புறம் நடுவில் இருக்கிற கியர் லீவரைக் கீழே இழுத்தார். எஞ்சின் அடி வாங்கின யானை மாதிரி பிளிறியது. வேகம் குறைந்தது. மறுபடி ஏதோ செய்தார், இன்னும் குறைந்தது. வளைவு முனையில் மலைப் பக்கமாக ரோடு போடுவதற்காகச் சரளைக் கல் கொட்டி வைத்திருந்தார்கள். எதிர்த் தடத்தைக் குறுக்காகத் தாண்டி, அதில் கொண்டுபோய் வண்டியை மெதுவாகச் செருகினார். கடவுள் புண்ணியத்தில் எதிரே யாரும் வரவில்லை. பஞ்சு மூட்டையில் விழுந்த மாதிரி நின்றது. பெயின்ட் கூடப் போகவில்லை. போய்ப் பாருங்க வேண்டுமானால்.

சத்தம் அடங்கியது. என் பல் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

இவர் குனிந்தார். காலடியில் கை விட்டுத் தேடினார். பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக் கிடந்ததை நெம்பி எடுத்தார். எலுமிச்சம்பழம். பாதி நசுங்கி, சாறு வழிந்துகொண்டிருந்தது. கார் முழுக்க அந்த வாசனை. அதை என் உள்ளங்கையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

எனக்குப் புல்லரித்துவிட்டதும்மா. “பார்த்தீங்களா! பார்த்தீங்களா! வந்த கண்டத்தைப் பழம் வாங்கிக்கிச்சு! நீங்க பெட்டிக்குள்ள போட்டு மூடினீங்களே, நான் மட்டும் வெளிய எடுத்து வைக்கலைன்னா இன்னிக்கு நம்ம ரெண்டு பேரையும் பள்ளத்துல தேடியிருப்பாங்க”ன்னு அழுதேன். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.

இவர் கைக்குட்டையை எடுத்துப் பெடலைத் துடைத்தார். மேலும் கீழும் அழுத்திப் பார்த்தார். வண்டியைப் பின்னால் எடுத்து, மாட்டு வண்டி வேகத்தில் இந்தக் கடை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது. அதுதான் எனக்குத் திகில். கொஞ்ச நேரம் பிடிக்காமல், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி பிடித்தால், அந்த வண்டியில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

என்னம்மா கேட்டீங்க? ஆமாம், பிரேக்குக்கு அடியில்தான் கிடந்தது. சரியாக அங்கேதான். எமன் காலை வைக்கிற இடத்துக்கே உருண்டு போய்க் குறுக்கே படுத்திருக்கிறது பாருங்க! ஏன் இப்படிப் பார்க்கிறீங்க? நான் வைத்த பழம்தான், ஆமாம், அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்கிறேன்.

அதை விடுங்க. என் பயம் இப்போது வண்டி இல்லை. இவர். இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து நான் பேசிப் பார்த்துவிட்டேன். “பக்கவாதமா இருக்குமோ, எங்க, ஈன்னு பல்லைக் காட்டுங்க”ன்னேன். காட்டவில்லை. “கையைத் தூக்குங்க”ன்னேன். தூக்கவில்லை. ஆனால் ஈ ஒன்று காபியில் உட்கார வந்தபோது அதே கையால் விரட்டினார். அப்போ கை நன்றாகத்தானே இருக்கிறது? “கிஷோருக்கு போன் பண்ணலாமா”ன்னேன். பதில் இல்லை. போனிலும் இந்த மலையில் சிக்னல் வருவதில்லை. திட்டினேன். கெஞ்சினேன். அவர் தொப்பியைச் சரி செய்துகூடப் பார்த்தேன். அசையவில்லை.

கோபம் என்றால் எனக்குத் தெரியாதா? கோபம் வந்தால் செய்தித்தாளைச் சத்தமாக மடிப்பார். சாப்பாட்டில் உப்பு கேட்க மாட்டார். ஆனாலும் நான் பேசினால் கடைசியில் ஒரு ‘ம்’ வரும். அந்த ‘ம்’மை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. நம்ம வீட்டு ஃபேன் சத்தம் மாதிரி. கரண்ட் போனால்தானே, அட, இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததே என்று தெரிகிறது. எனக்கு அந்த ஒரு சத்தம் போதும்மா. திட்டட்டும், என்னை ‘வாயை மூடு’ன்னு நாலு பேர் முன்னால் சொல்லட்டும், சேவித்துக்கொள்கிறேன். இந்த ஊர் தெரியாத ஊரில், இன்னும் பாதி மலை இறங்க வேண்டியிருக்கிறது. பேசாத மனுஷரோடு அந்தக் காருக்குள் நான் எப்படிப் போய் உட்காருவேன்?

வேறு பழம் வாங்கி வைத்துக்கொண்டேன், அதில் குறையில்லை. அந்தப் பரிமாறுகிற பெண்ணிடம் கேட்டால் நறுக்கின துண்டு கொண்டுவருகிறாள். “ஹோல், மை டியர், அன்கட்”னு சொல்லி முழுசாக வாங்கினேன். இதோ. இதை வண்டியில் வைத்தால்தான் எனக்குக் கொஞ்சம்...

எழுந்துவிட்டார்.

இளவேனில், இங்கேதான் வருகிறார். நீங்க கொஞ்சம் பேச்சுக் கொடுங்க. “அங்கிள், எந்த ஊர்”னு கேளுங்க. புதுசாக ஒருத்தர் கேட்டால் வாய் தானாக வரும். என்னங்க, இவங்க சேலமாம், பேரு...

பார்த்தீங்களா? என் கையிலிருந்த பழத்தை எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் எதை வைத்துவிட்டுப் போகிறார்? சாவி. கார் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறாரே, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பழத்தைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுக்கிறார். “தேங்க்யூ” சொல்கிறாரா? உதடு அசைந்ததா? எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்ததா? இல்லையா?

வெளியே போகிறார். கதவைத் திறக்கிறார். ஐயோ பாவம், பாருங்க, வலது பக்கம் போய் உட்காருகிறார். ஊர் ஞாபகம்! ஸ்டியரிங் அந்தப் பக்கம் என்று நினைத்துவிட்டார். நான் சொன்னேனில்லையா, மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று. இடமும் வலமும் மறந்துபோகிற அளவுக்கு...

பெல்ட் போடுகிறார்.

ஸ்டியரிங் இல்லாத பக்கம் உட்கார்ந்து, நிதானமாக பெல்ட் போட்டு, அதைச் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு, முன்னால் பார்க்கிறார். அது என் ஸீட்டு. இளவேனில், அது நான் உட்கார்கிற ஸீட்டு.

எனக்கு ஓட்டத் தெரியாதே! அவருக்குத் தெரியுமே எனக்கு ஓட்டத் தெரியாது என்று.

உங்க வீட்டுக்காரர் வந்துவிட்டார். நீங்க கிளம்புங்க, கிளம்புங்க, குழந்தை தூங்குகிற நேரம். இல்லை, ஒரு நிமிஷம், கார் வரைக்கும் மட்டும் என்னோடு வாங்க. தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை. என் பையைப் பிடிங்க. மெதுவாக.

என்னங்க. கண்ணாடியை இறக்குங்க. நான்தான். விளையாட்டா இது, எல்லாரும் பார்க்கிறாங்க. சரி, பார்க்கட்டும், பரவாயில்லை. இந்தாங்க சாவி. பழம் வேண்டாம், வைக்கலை. பையில கூட இல்லை, வேணும்னா இவங்களைக் கேளுங்க. உங்களைக் கார் பக்கத்துல நிக்க வைச்சு ஒரு போட்டோ எடுக்கிறேன், கார் முழுசா வர்ற மாதிரி எடுக்கிறேன், இறங்கி வாங்க. பாட்டு பாடுங்க. சிரிங்க. எவ்வளவு வேகமா வேணும்னாலும் போங்க. நான் கண்ணை மூடிக்கிறேன். வாயையும் மூடிக்கிறேன்.

என்னங்க... இந்தப் பக்கம் வந்து உட்காருங்க. நீங்களே ஓட்டுங்களேன்.